கோவைக்கு மெட்ரோவா, மின்சார பஸ்ஸா? ஷெட்யூல் போட்டவனின் பதில்

நீங்கள் குனியமுத்தூரில் குடியிருக்கிறீர்கள், வேலை சரவணம்பட்டியில். கோவை மெட்ரோ அறிக்கையை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்டது, இனி மின்சார பஸ் வாங்கினால் போதுமா, அகமதாபாத் மாதிரி பஸ்ஸுக்குத் தனித்தடம் போட வேண்டுமா, நம்மைப் போன்ற நாடுகளின் நகரங்களில் எதுதான் நீடித்து நிற்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், கிட்டத்தட்ட விளையாட்டாக, "நான் பைக்கை விற்றுவிடலாமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரிதான் கேள்வியே. முதல் மூன்றும் எந்த வண்டி வாங்குவது என்பதைப் பற்றியவை. நான்காவது, எதை நம்பி ஒரு மனிதர் தன் வண்டியை விட்டு இறங்குவார் என்பதைப் பற்றியது.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் டிராஃபிக் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன். பெரும்பாலும் டவுன் பஸ்களுக்கு ஷெட்யூல் போடும் வேலை. பாலம் கட்டுகிற இன்ஜினியரும் இல்லை, பேட்டரி படித்தவனும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும், ஏன் வராது என்பதைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். மின்சாரம் பற்றிச் சொல்வதை விஷயம் தெரிந்த இன்னொருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு கணக்கு. ஒரு சாதாரண டீசல் டவுன் பஸ் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் வாக்கில் ஓடும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கரியமில வாயு வரும். அப்படியானால் கிலோமீட்டருக்கு 600 கிராம். உங்கள் பைக் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தால், கிலோமீட்டருக்கு சுமார் 46 கிராம். வகுத்துப் பாருங்கள், பதின்மூன்று வரும். பஸ்ஸில் பதின்மூன்று பேருக்குக் குறைவாக இருந்தால், அவர்கள் எல்லோரும் தனித்தனி பைக்கில் போயிருந்தால்கூடப் புகை குறைவு. ஐம்பது பேர் இருந்தால் ஆளுக்கு 12 கிராம், பைக்கில் நாலில் ஒரு பங்கு. ஆக, பஸ் என்று பெயர் வைத்ததாலேயே ஒரு வண்டி சுற்றுச்சூழலுக்கு நல்லதாகிவிடாது. அதில் ஆள் ஏற வேண்டும். சும்மா ஓடுகிற பஸ்ஸும் சும்மா ஓடுகிற மெட்ரோவும் இந்த விஷயத்தில் ஒரே ஜாதிதான்.

சரி, ஆள் எப்போது ஏறுவார்? கட்டணம், ஏசி, குஷன் சீட் என்று எல்லோரும் ஏதேதோ சொல்வார்கள். என் அனுபவத்தில் முதல் இடம் காத்திருப்புக்குத்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் ஜனம் நேரம் பார்க்காமல் ஸ்டாப்புக்கு வரும். இருபது நிமிடம் என்றால் பார்த்துவிட்டு வரும். நாற்பது நிமிடம் என்றால் வேறு வழியில்லாதவர்கள் மட்டும் வருவார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு எத்தனை வண்டி வேண்டும் என்பதை உங்கள் வழித்தடத்தை வைத்தே சொல்கிறேன். குனியமுத்தூர், உக்கடம், காந்திபுரம், கணபதி, சரவணம்பட்டி என்று போனால் பதினைந்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நெரிசலில் பஸ்ஸின் சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். போக ஒரு மணி, வர ஒரு மணி, இரண்டு முனையிலும் பத்துப் பத்து நிமிடம் நிறுத்தம். மொத்தம் 140 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒன்று வேண்டுமென்றால் 14 பஸ். இப்போது அதே பஸ்ஸின் வேகத்தை 20 ஆக்குங்கள். ஒரு சுற்று 110 நிமிடமாகிவிடும். 11 பஸ் போதும். அல்லது அந்த 14 பஸ்ஸையே வைத்துக்கொண்டு எட்டு நிமிடத்துக்கு ஒன்று விடலாம். ஒரு வண்டி கூட வாங்கவில்லை, ஒரு டிரைவரைக் கூடப் புதிதாக எடுக்கவில்லை. தனித்தடம் என்ற பேச்சு ஷெட்யூல் போடுகிறவனுக்கு இனிப்பது இதனால்தான். வேகம் கூடினால் பயணி சீக்கிரம் போவார் என்பது பாதிதான். மீதிப் பாதி, அதே செலவில் அதிக டிரிப் அடிக்கலாம் என்பது.

இன்னொன்றும் நிச்சயம். "ஒரு மணி நேரமா ஒண்ணும் வரல, இப்ப மூணு சேர்ந்து வருது" என்று திட்டாத பயணி கிடையாது. அது பெரும்பாலும் டிரைவர் டீ குடித்ததால் நடப்பதில்லை. சிக்னலில் மூன்று நிமிடம் மாட்டிய பஸ்ஸுக்காக அடுத்த ஸ்டாப்பில் கூடுதலாக ஆள் சேர்ந்திருக்கும். அவர்களை ஏற்ற நேரமாகும், இன்னும் தாமதமாகும், அதற்கடுத்த ஸ்டாப்பில் இன்னும் கூட்டம். பின்னால் வருகிற பஸ்ஸுக்கோ ஏற்ற ஆளே இல்லை, அது ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். முன்னால் போகிறது பிதுங்கும், பின்னால் வருகிறது காற்று வாங்கும். இதைச் சரிசெய்ய நடுவழியில் ஒருவர் நின்று பின்வண்டியைப் பிடித்து நிறுத்திவிட வேண்டும். முன்பு டைம் கீப்பர் செய்த வேலை அது. இப்போது ஜிபிஎஸ் திரை இருக்கிறது, ஆனால் அதைப் பார்த்து ஒரு பஸ்ஸை நிறுத்தச் சொல்ல அதிகாரம் உள்ள ஆள் பல ஊர்களில் இல்லை.

நானே செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தொழிற்பேட்டை வழித்தடம். ராத்திரி 8.40 டிரிப்பில் வசூல் மோசம், ஏழெட்டு டிக்கெட்தான். மேலிருந்து கிலோமீட்டர் வசூலைக் கூட்டு என்று நெருக்கடி. அந்த டிரிப்பை வெட்டினேன். பேப்பரில் கணக்கு அழகாக வந்தது. இரண்டு மாதத்தில் காலை 7.50 டிரிப்பிலும் ஆள் குறைந்தது. எனக்குப் புரியவில்லை. கண்டக்டர்தான் சொன்னார்: "சார், அந்தக் கம்பெனிப் பொண்ணுங்களுக்கு சில நாள் ஓவர்டைம் வரும். திரும்ப பஸ் இல்லைன்னா காலையிலயே வேன்ல போயிடுறாங்க." கடைசி பஸ்ஸில் ஏறியது எட்டுப் பேர்தான். ஆனால் அந்தக் கடைசி பஸ்ஸை நம்பி காலையில் ஏறியவர்கள் முப்பது பேர். இதை எந்த வசூல் படிவமும் எனக்குக் காட்டவில்லை. டிரிப்பைத் திரும்பப் போட்டேன். போனவர்களில் பாதிப் பேர்கூடத் திரும்பவில்லை. அதற்குள் சிலர் ஸ்கூட்டி வாங்கிவிட்டார்கள், இஎம்ஐ கட்டிக்கொண்டிருக்கிறவர் பஸ் ஏறுவாரா?

இங்கேதான் நீடித்து நிற்பது என்ற சொல்லை நான் வேறுவிதமாகப் படிக்கிறேன். புகையைப் பொறுத்து மட்டும் இல்லை, பத்தாவது வருடமும் அதே நேரத்துக்கு அதே வண்டி வருமா என்பதும் அதில் அடக்கம். வளரும் நாடுகளில் வாங்குவதற்குக் காசு கிடைக்கும். உலக வங்கி கடன் தரும், ஜப்பான் தரும், சீனா தரும், ரிப்பன் வெட்ட அமைச்சர் வருவார். ஓட்டுவதற்குத்தான் யாரும் தரமாட்டார்கள். அடிஸ் அபாபாவில் 2015இல் சீன உதவியோடு ஒரு இலகு ரயில் திறந்தார்கள். பார்க்க அருமையான திட்டம். சில வருடங்களிலேயே உதிரிபாகம் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமல் பாதிக்கு மேற்பட்ட ரயில்கள் ஷெட்டில் நின்றுவிட்டன. ரயில் வாங்கியது தப்பு என்று நான் சொல்லவில்லை. முப்பது வருடம் அதைப் பராமரிக்கும் காசு எங்கிருந்து வரும் என்று முதல் நாளே யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். சென்னையையே பாருங்கள். 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற மெட்ரோவில் ஒரு நாளைக்குப் போகிறவர்கள் மூன்று லட்சத்தை ஒட்டி. கவனிப்பாரில்லாத மாநகர பஸ் முப்பது லட்சத்துக்கு மேல் சுமக்கிறது. பேப்பரில் படம் வருவது எதற்கு என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது கோவைக்கே உரிய விஷயம், உங்கள் கேள்வியில் இது இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். உங்கள் ஊரில் தனியார் டவுன் பஸ் நிறைய. அதில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பேட்டாவே வசூலைப் பொறுத்தது. விளைவு உங்களுக்குத் தெரியும். முன்னால் போகிற வண்டியை முந்த ஹாரன், ஸ்டாப்பில் பாதி நின்று பாதி ஓடுவது, காந்திபுரத்தில் டைமிங் தகராறு, மத்தியான வேளையில் ஆள் சேரும் வரை ஊர்ந்து போவது. டிரைவரைத் திட்டிப் பயனில்லை. ஒவ்வொரு பயணியும் ஒரு நாணயம் என்று ஆக்கிவிட்டால் யாரும் அப்படித்தான் ஓட்டுவார்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் இதே கூத்து நடந்தது. ஸ்பானிஷில் அதைச் சில்லறைச் சண்டை என்ற பொருளில்தான் சொல்வார்கள். 2000 டிசம்பரில் மேயர் பெனலோசா காலத்தில் அங்கே ட்ரான்ஸ்மிலெனியோ என்ற தனித்தட பஸ் சேவை தொடங்கியபோது எல்லோரும் சிவப்பு பஸ்ஸையும் தனித்தடத்தையும்தான் படம் பிடித்தார்கள். என் கண்ணுக்குப் பெரிய மாற்றம், பஸ் முதலாளிக்குத் தலைக்கு இவ்வளவு என்று இல்லாமல், ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று காசு கொடுக்க ஆரம்பித்தது. டிக்கெட் காசு பொதுவான கணக்கில் விழும். டிரைவருக்குப் போட்டி போட ஒன்றும் இல்லை.

ஜகார்த்தா இதை இன்னும் கீழ்மட்டம் வரை கொண்டுபோனது, உங்கள் ஊருக்கு அதுதான் நெருக்கம். அங்கே ஆங்கோட் என்று சின்ன வேன்கள் உண்டு, நம் ஷேர் ஆட்டோ மாதிரி. ஓட்டுகிறவர் முதலாளிக்குத் தினமும் ஒரு தொகை கட்டிவிட்டு மீதியை எடுத்துக்கொள்வார். 2004இல் தனித்தட பஸ் வந்தபோது இந்த வேன்கள் அதற்கு எதிரி. பிறகு அவற்றைத் தடை செய்யாமல், கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக ட்ரான்ஸ்ஜகார்த்தா என்ற அந்தத் தனித்தட பஸ் அமைப்புக்குள் இழுத்து, கிலோமீட்டர் கணக்கில் காசு கொடுத்து, பெரிய பஸ் ஸ்டாப்புக்கு ஆள் கொண்டுவரும் வேலையைக் கொடுத்தார்கள். 2020 தொடக்கத்தில் அந்த வலையமைப்பு ஒரு நாளைக்குப் பத்து லட்சம் பயணத்தை ஒட்டியது. கோவையின் தனியார் டவுன் பஸ் முதலாளிகளை இப்படி ஒரு ஒப்பந்தத்துக்குள் கொண்டுவர முடியுமா? அரசியலாகக் கஷ்டம். பல பர்மிட்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இருப்பவை. ஆனால் இதைச் செய்யாமல் மேலே எந்த மின்சார பஸ்ஸை இறக்கினாலும், அதுவும் அந்தச் சண்டைக்குள்தான் போய் மாட்டும். கிலோமீட்டருக்குக் காசு கொடுக்கும் முறைக்கும் ஒரு ஓட்டை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அரசு மாதா மாதம் பில்லைத் தீர்க்காவிட்டால் வண்டி நிற்கும். ஆள் ஏறினால் என்ன ஏறாவிட்டால் என்ன என்று காலி பஸ்ஸும் ஓடும். கண்காணிக்க ஒரு திறமையான அலுவலகம் இல்லையென்றால் பழைய முறையே தேவலை என்று தோன்றிவிடும்.

தனித்தடம் பற்றி. டெல்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் போட்டார்கள், 2008இல். 2016க்குள் இடித்தே எடுத்துவிட்டார்கள். நடுவில் 2012இல் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் தடத்தின் பக்கம்தான் நின்றது. ஆனாலும் பிழைக்கவில்லை. ஏன்? கார்க்காரர்களின் கூச்சல் ஒரு காரணம். ஆனால் ஆறு கிலோமீட்டருக்குள் மட்டும் வேகமாகப் போய், இரண்டு முனையிலும் பழைய நெரிசலில் விழுகிற பஸ்ஸுக்கு, பயணிகளே குரல் கொடுக்க மாட்டார்கள் என்பது இன்னொரு காரணம். என் வாசிப்பில் இரண்டாவதுதான் கனமானது. அகமதாபாத் 2009இல் தொடங்கியது இன்றும் ஓடுகிறது. அங்கே மூடிய நிலையம், ஏறுமுன்னே டிக்கெட், தடமும் விடாமல் நீட்டப்பட்டது. பொகோட்டா 388 கிலோமீட்டர் என்று திட்டம் போட்டு மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. கூட்டம் மூச்சு முட்டி 2012இல் ஜனம் நிலையங்களை உடைத்தது. இப்போது அந்தத் தனித்தட பஸ் ஓடுகிற சாலை ஒன்றின் மேலேயே மெட்ரோ கட்டுகிறார்கள். இதை வைத்து பஸ் தடம் தோற்றுவிட்டது என்பார்கள். பாதியில் விட்டதைத் தோற்றது என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் ஊரில் அவினாசி சாலை மேம்பாலம் திறந்துவிட்டார்கள், 10.1 கிலோமீட்டர், 1,791 கோடி. டவுன் பஸ் ஸ்டாப்பெல்லாம் கீழேதான், அதனால் பஸ் பயணிக்கு அந்தப் பாலத்தால் நேரடியாக ஒன்றும் இல்லை. ஆனால் மறைமுகமாக ஒரு வாய்ப்பு உண்டு. நேராகப் போகிற கார்கள் மேலே ஏறிவிட்டன அல்லவா, கீழே ஓரத் தடத்தைக் காலையிலும் மாலையிலும் மட்டுமாவது பஸ்ஸுக்கு ஒதுக்கிப் பார்க்கலாம். செலவு பெயிண்டும் சில போலீஸ்காரர்களும். கஷ்டம் எங்கே என்றால், ஓரத்தில் கடை முன்னால் நிறுத்தும் வண்டிகள். ஒரு கார் நின்றால் போதும், தடம் செத்தது. நடுத்தடமாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அங்கே தூண் நிற்கிறது. பாலம் வரைகிறபோதே பஸ் பிரிவில் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் என்று ஒரு ஆதங்கம், அவ்வளவுதான்.

இனி சந்தேகமான விஷயங்கள். மின்சார பஸ் ஸ்டாப்பில் புகை விடாது, சத்தம் குறைவு. இது உறுதி, பஸ் நிலையத்தில் பூக்கடை வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயம். கரியமில வாயுக் கணக்கு அவ்வளவு சுலபமில்லை. பெரிய பஸ் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் எடுக்கும். நம் நாட்டின் கிரிட்டில், அதாவது மின்கட்டமைப்பில், ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு. பெருக்கினால் கிட்டத்தட்ட 800 கிராம், மேலே சொன்ன டீசல் பஸ்ஸை விடக் கூட. டீசலை எடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவரும்போது வருகிற கரியமில வாயுவையும், டீசல் பஸ்ஸுக்கும் ஏசி போட்டால் ஆகும் எரிபொருளையும் சேர்த்தால் கணக்கு சமமாகும், அல்லது கொஞ்சம் மின்சாரம் பக்கம் சாயும். நிலக்கரி குறைந்து பல்லடம் பக்கத்துக் காற்றாலையும் சோலாரும் கூடக் கூட அதே பஸ் தானாகச் சுத்தமாகிக்கொண்டே போகும். டீசல் பஸ்ஸுக்கு அந்த யோகம் இல்லை. ஆகவே மின்சாரம் சரியான திசைதான். ஆனால் நூறு பழைய பஸ்ஸை ஓரங்கட்டி அறுபது மின்சார பஸ் இறக்கினால், பஸ் கிடைக்காமல் பைக்குக்குப் போகிறவர்கள் அந்த லாபத்தைத் தின்றுவிடுவார்கள்.

2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை. இதனால் பைக் குறைந்ததா என்று கேட்டால், பெரிதாகக் குறைந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. நடந்து போனவர்களும், போகாமலே இருந்தவர்களும்தான் அதிகம் ஏறியிருப்பார்கள் என்பது என் ஊகம். ஆனாலும் எனக்குப் பிடித்த திட்டம் இது. ஒன்று, வேலைக்குப் போகும் பெண்ணின் கையில் மாதக் கடைசியில் கொஞ்சம் காசு நிற்கிறது. இன்னொன்று, கழகத்துக்கு அதற்கான பணத்தை அரசு கொடுக்கிறது. ஓட்டுவதற்குக் காசு தரலாம் என்று பட்ஜெட்டில் ஒரு வரி பழகிவிட்டது. உங்கள் ஊரில் இது தனியார் பஸ்ஸில் கிடையாது என்பதால், ஒரே ஸ்டாப்பில் பெண்கள் அரசு பஸ்ஸுக்காகக் காத்து நிற்க, பாதி காலியாகத் தனியார் பஸ் போகிற காட்சியும் உண்டு. அந்தக் கிலோமீட்டர் ஒப்பந்தம் வந்தால் இதுவும் தீரும்.

கோவைக்கு மெட்ரோ வேண்டுமா? 34.8 கிலோமீட்டருக்கு சுமார் 10,740 கோடி என்று அறிக்கை சொன்னது. 2017 மெட்ரோ கொள்கையின் 20 லட்சம் மக்கள்தொகை என்ற அளவுகோலைக் காட்டித் திருப்பினார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து இன்றைய ஊரை அளப்பது நியாயமா என்று மாநிலம் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் சரவணம்பட்டி போகிற சத்தி சாலையில் இன்று ஒரு மணி நேரத்துக்கு ஒரு திசையில் எத்தனை பேர் பஸ்ஸில் போகிறார்கள் என்று எண்ணாமல் இதற்கு ஆம், இல்லை சொல்கிற யாரையும் நான் நம்ப மாட்டேன், என்னையும் சேர்த்து. எண்ணிக்கை பெரிதாக வந்தால் மெட்ரோவுக்கு வாதம் வலுக்கும். மெட்ரோவே வந்தாலும் கட்டி முடிக்கும் வரையும், கட்டி முடித்த பிறகு நிலையத்துக்கு ஆள் கொண்டுவரவும் பஸ் வேண்டும். அதனால் வரிசையில் முதலில் நிற்பது எது என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

பைக்கை விற்கலாமா? இப்போதைக்கு வேண்டாம். ஒரு மாதம் காலையில் மட்டும் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். வந்த நேரம், ஏறிய நேரம், இறங்கிய நேரம் மூன்றையும் போனில் குறித்து வையுங்கள். திரும்பி வரும்போது ஒன்பது மணிக்கு மேல் உக்கடத்தில் குனியமுத்தூர் பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்பதையும் நாலு நாள் நின்று பாருங்கள். அந்தக் குறிப்பை இங்கே போடுங்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறேன். ராத்திரி இடைவெளி அரை மணிக்கு மேல் என்றால், வண்டிக்கு அடுத்த வருட இன்சூரன்ஸையும் கட்டிவிடுங்கள்.